அண்ணன் எழுத்தில் கேட்ட வாபஸ்

அன்புக்கும் மரியாதைக்கும், கொஞ்சம் பயத்துக்கும் உரிய அண்ணனுக்கு,

தங்கை எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் மாப்பிள்ளையும் தையல் மெஷினும் சௌக்கியம். அங்கே நீங்களும் அண்ணியும் சௌக்கியம் என்றும், உங்கள் ரத்தக்கொதிப்பு சொன்ன பேச்சைக் கேட்கிறது என்றும் நம்புகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீங்கள் போட்ட சத்தம் இன்னும் காதில் நிற்கிறது. "அம்பத்திரண்டு வயசுல உனக்கு எதுக்கு இந்த வேலை? அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள அந்தப் போட்டியில இருந்து விலகிட்டேன்னு எனக்கு எழுத்துல வரணும்" என்றீர்கள். முப்பத்துநான்கு வருடம் இன்சூரன்ஸ் ஆபீஸில் உட்கார்ந்து விபத்து மனுக்களைப் படித்தவர் நீங்கள். வாய்ப்பேச்சு உங்களிடம் செல்லாது. ஆகவே எழுத்திலேயே தருகிறேன்: நீந்தி, சைக்கிள் ஓட்டி, ஓடி முடிக்க வேண்டிய டிரையத்லான் என்னும் போட்டியிலிருந்து நான் விலகுகிறேன்.

இதோடு முடித்திருக்கலாம். ஆனால் காரணம் எழுதாத மனுவை நீங்கள் திருப்பி அனுப்புவீர்கள். போனில் சொல்லலாம் என்றால், போனில் நீங்கள் பேசுவீர்கள், நான் 'ம்' போடுவேன், அது நாற்பத்தைந்து வருட ஏற்பாடு. கடிதத்தில்தான் நீங்கள் குறுக்கே பேச முடியாது. எனவே மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாவகாசமாகப் படியுங்கள்.

எல்லாம் ஒரு பல் டாக்டரம்மாவால் வந்தது. எங்கள் தெருவில் புதிதாகக் கடை, இல்லை, கிளினிக் போட்டிருக்கிறார். வயது நாற்பத்தைந்து இருக்கும். ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு உடுப்பைக் கொண்டுவந்து தோளில் பிரித்துத் தைக்கச் சொன்னார். இருபத்தெட்டு வருடமாகப் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறேன், அப்படி ஓர் உடுப்பைப் பார்த்ததில்லை. சட்டையும் கால்சட்டையும் ஒன்றாக ஒட்டிப் பிறந்திருந்தன. பித்தான் கிடையாது, காலர் கிடையாது, பின்னால் ஒரே ஒரு ஜிப். "இது எதுக்குங்க?" என்று கேட்டேன். "இதைப் போட்டுக்கிட்டு நீந்தணும், ஏறி வந்து அப்படியே சைக்கிள் ஓட்டணும், இறங்கி அப்படியே ஓடணும். நடுவுல உடுப்பு மாத்த நேரம் கிடையாது" என்றார். எனக்குப் போட்டி பெரிதாகத் தெரியவில்லை அண்ணா, துணிதான் பெரிதாகத் தெரிந்தது. ஒரே துணி மூன்று வேலை பார்க்கிறது! நான் தைத்துக் கொடுக்கும் சீருடை ஒரு வேலைகூட ஒழுங்காகப் பார்ப்பதில்லை, மத்தியானத்துக்குள் முட்டியில் கிழிந்துவிடுகிறது. நான் உடுப்பை உள்ளும் புறமும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்த அம்மா என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெஷின் மிதியில் இருந்த காலை. "எவ்வளவு வருஷமா மிதிக்கிறீங்க?" என்றார். இருபத்தெட்டு என்றேன். "இவ்வளவு மிதிச்சும் ஒரு அடி நகரலையே நீங்க!" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். அவருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் அன்று ஒரு சட்டைக்கு இரண்டு இடது கை வைத்துத் தைத்தேன்.

மறுநாளே நானும் ஒன்று தைக்க ஆரம்பித்தேன், சும்மா, தைத்துப் பார்க்கலாமே என்று. பள்ளிக்கூட மழைக்கோட்டுத் துணி மீதி இருந்தது, நல்ல கருநீலம், தண்ணீர் இறங்காது. இங்கேதான் தொழில் புத்தி காலை வாரியது. சீருடை தைக்க வரும் பெற்றோர் அத்தனை பேரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்கள்: "அடுத்த வருஷத்துக்கும் சேர்த்துத் தைங்க." ஆகவே உடம்பில் இரண்டு அங்குலம் தாராளம், உள்மடிப்பில் இன்னும் இரண்டு அங்குலம், பிள்ளை வளர வளரப் பிரித்துவிடலாம். இந்தக் கைக்கு வேறு விதமாக வெட்டத் தெரியாது. என் உடுப்பையும் அப்படியே, நான் வளர்வதற்கு இடம் விட்டு வெட்டிவிட்டது. போதாக்குறைக்கு இடது மார்பில் ஒரு பாக்கெட்டும் வைத்துத் தைத்துவிட்டேன். உங்கள் மாப்பிள்ளை பார்த்துவிட்டு, "பேட்ஜ் எங்க குத்துவ?" என்று மட்டும் கேட்டார். லிஃப்ட் மெக்கானிக் இல்லையா, இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோன ஆட்களிடம் பேசிப் பேசி அவருக்கு எதையும் பதற்றமில்லாமல் பேசத்தான் வரும்.

தைத்தபின் சும்மா வைத்திருக்க மனம் வருமா? டாக்டரம்மா போகும் நீச்சல் குளத்துக்கு விடியற்காலையில் நானும் போனேன். அங்கே சொல்லிக்கொடுப்பவரை எல்லோரும் விசில் மாஸ்டர் என்கிறார்கள், பேச்சு பாதி, விசில் பாதி. தண்ணீரில் இறங்கினேன் அண்ணா, நம்ப மாட்டீர்கள், மிதந்தேன்! முதல் நாளே! கையை ஆட்டவில்லை, காலை ஆட்டவில்லை, மல்லாந்து படுத்தேன், மிதந்தேன். விசில் மாஸ்டர் மற்றவர்களையெல்லாம் கூப்பிட்டு, "பாருங்க, உடம்பைத் தளர்வா விடுறதுன்னா இதுதான்" என்று என்னைக் காட்டினார். மூன்று வாரம் நான்தான் அங்கே உதாரணம். எனக்குத் தலைகால் புரியவில்லை. தண்ணீருக்கும் எனக்கும் பிறவித் தொடர்பு, இத்தனை வருடம் வீணாகிவிட்டது என்று உங்கள் மாப்பிள்ளையிடம் தினமும் புலம்பினேன். நாலாவது வாரம், மிதக்கும்போது உடுப்பு உப்பிக்கொண்டு அசிங்கமாக இருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னதால், பக்கவாட்டில் இரண்டு அங்குலம் பிடித்துத் தைத்துக்கொண்டு போனேன். இறங்கினேன். நேராகக் கீழே போனேன். அப்போதுதான் புரிந்தது, மூன்று வாரமும் மிதந்தது நான் இல்லை, மழைக்கோட்டுத் துணிக்குள் மாட்டிக்கொண்ட காற்று! "ஐயோ, போறேன், போறேன், அண்ணனுக்குச் சொல்லிடுங்க" என்று நான் கத்த, விசில் மாஸ்டர் விசிலை வாயிலிருந்து எடுத்து, "அம்மா, எந்திரிச்சு நில்லுங்க" என்றார். நின்றேன். தண்ணீர் நெஞ்சு வரைதான் இருந்தது.

மானம் கப்பலேறிவிட்டது. வீட்டுக்கு வந்து பிடித்த தையலைப் பிரிக்கக் கத்தரியைக் கூட எடுத்துவிட்டேன். பிறகு ஏனோ வைத்துவிட்டேன். மறுநாள் போய் முதலிலிருந்து ஆரம்பித்தேன், மூச்சை விடுவது, முகத்தைத் தண்ணீருக்குள் வைப்பது, சுவரைப் பிடித்துக்கொண்டு காலை உதைப்பது என்று. பதினோராம் நாள் குளத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போய்விட்டேன். காற்று இல்லை, நான்தான். கரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன் பாருங்கள், நிறுத்த முடியவில்லை, விசில் மாஸ்டர் பயந்து இரண்டு தடவை விசில் ஊதினார். கடைசியாக அப்படிச் சிரித்தது எப்போது என்று யோசித்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை. அந்தத் தைரியத்தில்தான் போட்டிக்கும் பெயர் கொடுத்தேன். சரி, அதை விடுங்கள். நான் எழுத வந்தது விபத்துகளைப் பற்றி.

சைக்கிள் விபத்து உங்களுக்கே தெரியும், உங்கள் மாப்பிள்ளை என் முழங்கைக் கட்டைப் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பிய புண்ணியத்தில்தானே இவ்வளவும் வந்தது. ஆனால் அது எப்படி நடந்தது என்று சொல்ல நீங்கள் விடவில்லை. மிதிப்பதில் எனக்குக் குறையே இல்லை அண்ணா, டாக்டரம்மாவே பின்னால் நின்றுவிடுவார். நிறுத்துவதில்தான் சிக்கல். மெஷினை நிறுத்த என்ன செய்வோம்? வலது உள்ளங்கையை வலப்பக்கச் சக்கரத்தின் மேல் வைத்து அழுத்துவோம். இருபத்தெட்டு வருடம் ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை அழுத்திய கை. சந்து முனையில் ஒரு பூனை குறுக்கே வந்தது, கை தானாகக் கைப்பிடியை விட்டுவிட்டு, இல்லாத சக்கரத்தை வலப்பக்கம் காற்றில் தேடியது. பூனை தப்பித்தது. நான் நேராக சலூனுக்குள் போய்விட்டேன். உள்ளே ஒருவர் முகம் முழுக்கச் சோப்பு நுரையோடு கண்ணை மூடிப் படுத்திருந்தார், அவருடைய இரண்டு காலுக்கும் நடுவில் என் முன்சக்கரம் போய் நின்றது. சவரக்காரர் கத்தியை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கொஞ்சமும் குரலை உயர்த்தாமல், "அக்கா, வரிசையில வாங்க" என்றார். முழங்கை சிராய்த்தது அப்புறம் நடந்த சம்பவம், வெளியே வரும்போது சலூன் படியில் தடுக்கியது. அதைச் சைக்கிள் கணக்கில் சேர்க்கக் கூடாது.

ஓட்டத்தில் என்ன விபத்து வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். அதுவும் வந்தது. இன்ச் டேப் கழுத்தில் இல்லாவிட்டால் எனக்கு ஏதோ குறைகிற மாதிரி இருக்கும், அதை மாட்டிக்கொண்டே ஓடினேன். ஒரு நாள் புதுத் தெருவில் மூச்சு வாங்க நின்றபோது, என் ஓர் எட்டு எத்தனை அங்குலம் என்று தெரிந்துகொள்ள ஆசை வந்தது. குனிந்து டேப்பால் தரையை அளந்தேன், இன்னொரு எட்டு வைத்தேன், மறுபடி அளந்தேன். நிமிர்ந்தால் தெரு முழுக்க வாசலில் நிற்கிறது. ஒரு பெரியவர் கையைக் கூப்பிக்கொண்டு, "அம்மா, ரோட்டை அகலப்படுத்துறீங்களா? எங்க மதில் பட்டா போட்ட இடத்துலதான் இருக்கு, வேணா எதிர் வீட்டைப் பாருங்க" என்றார். எதிர் வீட்டம்மா அதற்குள் சண்டைக்கு வந்துவிட்டார். நான் ஓட்டப் பயிற்சிக்கு வந்தவள் என்று சொல்லிப் பார்த்தேன், ஒருவரும் நம்பவில்லை. வேறு வழியில்லாமல் ஓடினேன். அன்றுதான் இரண்டு கிலோமீட்டரை நிற்காமல் முதல் தடவை ஓடி முடித்தேன். வீட்டில் சொன்னால் உங்கள் மாப்பிள்ளை மனக்கணக்குப் போட்டு, "அறுநூத்தி அறுபத்தாறு மாடி" என்றார். அவருக்கு எல்லாத் தூரமும் மாடிதான்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், இது விபத்தா இல்லையா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். பெரிய பள்ளிக்கூடத்தின் மேலாளர் வந்து, இருநூறு சட்டை நாலு நாளில் வேண்டும் என்றார். எப்போதும் சரிங்க சரிங்க என்று தலையாட்டிவிட்டு, தூக்கத்தை விட்டுத் தைத்துக் கொடுப்பவள்தான் நான். அன்று என் வாய், "நாலு நாள்ல முடியாதுங்க, பத்து நாள் ஆகும். காலையில எட்டு மணி வரைக்கும் எனக்குப் பயிற்சி இருக்கு" என்று சொல்லிவிட்டது. கூரை இடிந்து விழும் என்று காத்திருந்தேன். அவர், "அப்படியா, சரிங்க, பத்து நாள்லயே குடுங்க" என்று போய்விட்டார். இவ்வளவுதானா அண்ணா? ஒரு 'முடியாது' இவ்வளவு சுலபமா? அன்று முழுக்கப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே தைத்தேன்.

பார்த்தீர்களா, விலகும் காரணம் எழுத உட்கார்ந்து எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறேன். உண்மைக் காரணத்தை எழுதிவிடுகிறேன். நீங்கள் சொன்னதால் மட்டும் நான் விலகவில்லை. போட்டியில் நீச்சல் குளத்தில் இல்லை, ஏரியில். முந்நூறு மீட்டர். நேற்று புதன்கிழமை விசில் மாஸ்டர் எங்களை ஏரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். எல்லோரும் இறங்கினார்கள். நான் முட்டி வரை போனேன். அடி தெரியவில்லை. திரும்பிக் கரைக்கு வந்து உட்கார்ந்துகொண்டேன்.

எனக்கு ஏழு வயது, உங்களுக்குப் பதினைந்து. குளத்தங்கரைப் படியில் வழுக்கி நான் உள்ளே போனதும், குளிக்க வந்த யாரோ ஒருவர் முடியைப் பிடித்துத் தூக்கியதும் எனக்கு மறக்கவில்லை. நீங்கள் படியிலேயே நின்றீர்கள். உங்களுக்கும் நீந்தத் தெரியாது, என்ன செய்வீர்கள்? வீட்டுக்கு வரும் வழியெல்லாம், "இனிமே தண்ணி பக்கம் போகாத, நான் சொல்றதைக் கேளு" என்று சொல்லிக்கொண்டே வந்தீர்கள். அன்று போட்ட 'ம்' தான், இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறேன். சைக்கிளுக்கு 'ம்', மலை ஏறுவதற்கு 'ம்', வெளியூர் வேலைக்கு 'ம்'. உங்கள் மேல் எனக்கு ஒரு நாளும் கோபம் வந்ததில்லை அண்ணா. இதை நேரில் சொல்ல வராது, அதனால் இங்கே எழுதுகிறேன். ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தபோது உங்களைத்தான் நினைத்துக்கொண்டேன். கரையில் நிற்பவர்களுக்குத்தான் பயம் அதிகம் போலிருக்கிறது.

ஆகவே பயம் ஒன்று, அண்ணன் சொல் ஒன்று, முழங்கை ஒன்று, மூன்று காரணங்களையும் முன்னிட்டு விலகுகிறேன். போட்டி நடக்கும் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏரிக்கு நேரில் போய், போட்டிக்காரர்கள் கொடுத்த நீச்சல் தொப்பியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அப்படியே இந்தக் கடிதத்தையும் தபாலில் சேர்த்துவிடுவேன். இனி நீங்கள் நிம்மதியாகத் தூங்கலாம். அண்ணியிடம் நான் காலைத் தொட்டதாகச் சொல்லுங்கள், உப்பைக் குறைக்கச் சொல்லுங்கள். உங்கள் ஆசீர்வாதம் எப்போதும் போல வேண்டும், ஆனால் இந்தத் தடவை போனில் வேண்டாம்.

என்றும் உங்கள் சொல் தட்டாத,
தங்கை

பி.கு.: இதை ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எழுதுகிறேன். மேலே மை கலைந்திருப்பதைப் பார்த்துவிட்டு நான் அழுததாக நினைக்க வேண்டாம். அது ஏரித் தண்ணீர்.

நடந்தது இதுதான். தொப்பியைத் திருப்பிக் கொடுக்கத்தான் போனேன். பிறகு ஏன் உடுப்பைப் போட்டுக்கொண்டு போனாய் என்று கேட்பீர்கள். துவைத்ததில் அதுதான் காய்ந்திருந்தது. சைக்கிள் எதற்கு என்பீர்கள். திரும்பி வர வண்டி வேண்டாமா? உங்களுக்கு எழுதிய இந்தக் கடிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மார்புப் பாக்கெட்டில் பத்திரமாக வைத்திருந்தேன். மேசையில் இருந்த பெண்ணிடம் விலகுகிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன், அவள் நிமிர்ந்தே பார்க்காமல், "கையை நீட்டுங்கம்மா" என்று 207 என்று என் கையில் பெரிதாக எழுதிவிட்டாள். நீங்கள் எழுத்தில் வேண்டும் என்றீர்கள், அவர்கள் என் தோலிலேயே எழுதிவிட்டார்கள். அதற்குள் டாக்டரம்மா என் கையைப் பிடித்து இழுக்க, விசில் மாஸ்டர் விசிலை ஊத, நான் தண்ணீரில் இருந்தேன்.

பாதி ஏரியில் கால் அடியைத் தேடியது. அடி இல்லை. எழுந்து நிற்கவும் வழியில்லை. குளத்தங்கரைப் படி கண்ணுக்குத் தெரிந்தது. அப்போது என் உடம்பு தானாக மல்லாந்துவிட்டது அண்ணா. அந்த மூன்று வாரம் காற்று கற்றுக்கொடுத்த பாடம்! உடுப்பில் காற்று இல்லை, இருந்தும் மிதந்தேன். மேலே வானம் முழுசாக இருந்தது. படகுக்காரர் பக்கத்தில் வந்து, "ஏறிக்கிறீங்களாம்மா?" என்றார். "கொஞ்சம் இருங்க, நல்லா இருக்கு" என்றேன். மூச்சு வந்ததும் திரும்பிக் கவிழ்ந்து மீதியை நீந்தினேன். பிறகு பத்து கிலோமீட்டர் சைக்கிள், சலூன் எதுவும் குறுக்கே வரவில்லை. பிறகு மூன்று கிலோமீட்டர் ஓட்டம்.

கடைசியாக வந்தேன். எனக்குப் பின்னால் வந்தது ஆம்புலன்ஸ் மட்டும்தான், மூன்று கிலோமீட்டரும் என்னோடேயே மெதுவாக வந்தது. இவ்வளவு பாதுகாப்பாக உங்கள் தங்கை எங்கேயும் போனதில்லை, உங்கள் மனம் குளிர்ந்திருக்கும். ஓட்டம் முடியும் எல்லையில் கட்டியிருந்த பேனர் துணியை அவிழ்த்துச் சுருட்டிவிட்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் விசில் மாஸ்டரும் டாக்டரம்மாவும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார்கள், நான் அதற்குக் கீழே போனேன். ஓரம் பிரிந்திருந்தது, வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறேன், தைத்துக் கொடுக்க வேண்டும். உங்கள் மாப்பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாலாயிரத்து நானூறு மாடி. லிஃப்ட் இல்லாம" என்றார்.

அப்புறம்தான் பாக்கெட்டில் கை வைத்தேன். விலகல் கடிதமும் என்னோடு நீந்தி, சைக்கிள் ஓட்டி, ஓடி வந்திருக்கிறது! உறைக்குள்ளும் ஏரி புகுந்திருந்தது. புதிதாக எழுத மனம் வரவில்லை, அதையே அனுப்புகிறேன்.

இதோடு ஒரு பொட்டலமும் வரும், உள்ளே உங்களுக்கும் ஒரு நீச்சல் உடுப்பு. அடுத்த வாரத்திலிருந்து உங்கள் ஊர் நீச்சல் குளத்தில் காலை ஆறு மணிக்கு உங்கள் பெயரைக் கொடுத்திருக்கிறேன். பெரியவர்கள் வகுப்பு, ஆழம் நாலடி, எழுந்து நின்றால் நெஞ்சு வரைதான், கேட்டுக்கொண்டுதான் சேர்த்தேன். இனிமேல் நீங்கள் கரையில் நிற்க வேண்டாம் அண்ணா. நீங்கள் ஓய்வு பெற்ற நாளுக்குத் தைத்த சட்டையின் அளவு என் நோட்டில் இருந்தது, இடுப்பு மட்டும் என் யூகம். இடது பக்கம் பாக்கெட் இருக்கிறது, மாத்திரை வைத்துக்கொள்ளலாம். உள்ளே இரண்டு அங்குலம் விட்டுத் தைத்திருக்கிறேன், நீங்கள் வளர்வதற்கு.